ஆடி கழியட்டும் என்றார்

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே இருக்கிறார். கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் அவர் சேல்ஸ்மேன். காலையில் ஷட்டரைத் தூக்குவது முதல் ராத்திரி இறக்குவது வரை நிற்க வேண்டும். கடையில் கதிரை இருக்கிறது, ஆனால் அது சேலை பார்க்க வருகிறவர்களுக்கு. ஆளில்லாத நேரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டால் போதும், முதலாளி மேசைக்குப் பின்னாலிருந்து, "என்னாப்பா, நீ உக்காந்தா யாவாரமும் உக்காந்துரும்ல?" என்பார். கெட்ட மனுஷன் இல்லை. தீபாவளிக்கு இவருக்கு வேட்டி, எனக்குச் சேலை, மகள் கல்யாணத்துக்குத் தாராளமாக மொய். உட்காரத்தான் விடமாட்டார்.

நின்று நின்று இவருடைய கால் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துவிட்டது. இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. அது ஆறும், திரும்ப வாயைத் திறக்கும். கிளினிக்கில் டொக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், இவரைப் பார்த்துச் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். "மருந்து நான் தரலாம். இவர் நிக்கிறத நிப்பாட்டணும். இல்லாட்டி ஒரு நாளைக்குக் கால எடுக்கச் சொல்லித்தான் எழுத வேண்டி வரும்."

அன்றைக்குத்தான் எனக்கு வெறி பிடித்தது. இவருடைய சம்பளம் மாதாமாதம் வேறு எங்கிருந்தாவது வந்துவிட்டால் இவர் உட்காரலாம். கணக்கு அவ்வளவுதான். நான் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க். எனக்குப் பென்ஷன் உண்டு, பேங்க்கில் மதிப்பு உண்டு. சேர்த்த காசை பேங்க்கிலேயே போட்டு வைக்கலாம் என்றால் வட்டி வற்றிக்கொண்டே போகிறது, தேங்காய் விலை ஏறிக்கொண்டே போகிறது. மகளைக் கட்டிக்கொடுத்த கடனும் அப்போதுதான் தீர்ந்திருந்தது. ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவோம் என்று முடிவு செய்தேன். நாங்கள் இருப்பது மகியாவைக்கு மேலே ஒரு சின்ன வீடு, அதில் வாடகைக்கு விட மூலை கூடக் கிடையாது.

வாடகையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பன்வில பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தக் காம்பராவுக்கு எங்கள் ஆட்கள் வாடகை கொடுத்ததும் இல்லை, அது சொந்தமாக இருந்ததும் இல்லை. வீட்டை வைத்துக் காசு பண்ணும் வித்தை எங்கள் வம்சத்திலேயே கிடையாது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அதைப் படிக்க இறங்கினேன், அதுவும் கண்டியில்!

கண்டியில் சமதரையாகக் கிடப்பது குளம் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அந்தச் சரிவில் ஒரு துண்டுக்குச் சொல்கிற விலையைக் கேட்டால் காது அடைத்துப்போகும். கொரியாவில் ஒரு மகன், இத்தாலியில் ஒரு மகள் என்று இருக்கிறவர்கள் பேரம் பேசாமல் வாங்குகிறார்கள். வாங்கி, மதிலை உயர்த்தி, கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு வாடகை தேவையில்லை, பெருமை போதும். வாடகையை நம்பி வாங்க நினைக்கிற எங்களைப் போன்றவர்கள் அந்த விலைக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விடக்கூட முடியாது. விலை அங்கே வானத்தில், வாடகையோ இங்கே தரையில். சொன்ன விலைக்கு ஒரு வீட்டை வாங்கினால் வருகிற வாடகை தவணையில் பாதியைக்கூடக் கட்டாது.

எனக்கு வீடு காட்டியவர் ஒரு முஸ்லிம் தரகர். மார்க்கெட் பக்கம் சின்ன மரக்கறிக் கடை வைத்திருப்பவர், வீட்டுத் தரகு பக்கத் தொழில். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். முதலில் கட்டுகஸ்தோட்டையில் ஆற்றோரம் ஒரு வீட்டைக் காட்டினார். புது பெயின்ட் மணத்தது. சுவரைத் தடவிப் பார்த்தேன், இடுப்பு உயரம் வரை சாந்து ஊதிப்போயிருந்தது.

"நானா, ஆறு வீட்டுக்குள்ள வந்து போயிருக்கே?"

"அது எப்பசரியும் ஒருக்காத்தான் மிஸ் வாற. ஊட்டோட ஆத்தையும் சேத்து விக்கிறாங்கன்னு நெனச்சிக்கோங்களேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு போட்டு, பஸ் ஏறி, வெயிலில் நடந்து வந்தது இதற்குத்தானா என்று எரிச்சலாக இருந்தது.

அடுத்தது பேராதனைப் பக்கம், கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை விடுகிற வீடு. வாடகை நன்றாக வந்தது, அதை மறுக்க முடியாது. வந்த விதம்தான் சரியில்லை. ஒவ்வொரு அறையையும் பலகை அடித்து இரண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று கட்டில். ஜன்னல் ஒரு பக்கத்துக்குத்தான், மறுபக்கத்துப் பிள்ளைகள் பகலிலும் லைட் போட்டுப் படிக்கிறார்கள். ஒரே காம்பராவில் அப்பா, அம்மா, அண்ணன்மார் என்று அடுக்கிப் படுத்து வளர்ந்தவள் நான். அதே காம்பராவை இன்னொரு தரம் வெட்டி, படிக்க வந்த பிள்ளைகளிடம் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

"பாவம் பாத்தா பிஸ்னஸ் செய்ய ஏலா மிஸ்" என்றார் நானா.

"பாவம் பாக்காம செஞ்சா ராத்திரி தூங்க ஏலாது நானா" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

இப்படியே ஒவ்வொன்றாகப் போனது. ஒன்றுக்குப் பாதை இல்லை, ஒன்றுக்கு அண்ணன் தம்பி வழக்கு, ஒன்றின் பின்சுவரில் கை நுழைகிற வெடிப்பு. அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் வெறுங்கையோடு வந்து இவர் காலுக்கு மருந்து கட்ட உட்காருவேன். "இன்னைக்கு என்னா?" என்று கேட்பார். "ஒண்ணும் சரியில்ல" என்பேன். "சரி விடு" என்பார். அந்த "சரி விடு"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வைகாசியில் நானா போன் எடுத்தார். "மிஸ், செல்றத கேளுங்க. அம்பிட்டியல மேல்மாடி ஊடு ஒன்னு ஈக்கி. உறுதிப் பத்திரம் கிளீன். ஊட்டுக்காரி சிங்கள நோனா, தனியாத்தான் ஈக்கிறா. மகள்ட்ட அவுஸ்திரேலியாவுக்குப் போகப்போறா. குடும்பத்துக்குத்தான் குடுப்பேன்னு செல்றா, அதால வெலையும் கொறவு. லேட்டாக்க வாணாம்."

அன்று கடை லீவு, இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். போனதும் நான் பார்த்தது படியைத்தான். மேல்மாடிக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படி. மேலே தனிக் குசினி, தனிக் குளியலறை. இரண்டு குடும்பத்துக்கு விடலாம், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கத் தேவையில்லை. மேல்மாடி வாடகை அப்படியே இவருடைய சம்பளம். கீழ்வீட்டு வாடகையோடு என் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்தால் பேங்க் தவணை. இத்தனை வீட்டில் இந்த ஒன்றில்தான் கணக்கு உதைக்காமல் வந்தது. இதை விட்டால் இவர் உட்கார வேறு வழி இல்லை என்று அந்தப் படியில் நின்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

நோனா வயதானவர், வெள்ளைச் சேலை, நல்ல சிரிப்பு. சிங்களத்தில்தான் பேசினோம். இவர் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து விராந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் காலமெல்லாம் சேலை விற்ற வாய் அது. எதை எடுத்தாலும் விரித்துக் காட்டிப் புகழ்ந்துதான் பழக்கம். தான் இப்போது வாங்க வந்தவர் என்பதே மனுஷனுக்கு மறந்துபோனது.

"ஆகா, என்னா காத்து! இங்கேயிருந்து பாத்தா மலையெல்லாம் தெரியுது. பெரஹெர ஊர்வல நேரத்துல டவுன்ல ரூமுக்கு எவ்வளவு அடிபடுறாங்க தெரியுமா நோனா? எங்க கடைக்கு வார வெள்ளைக்காரங்க எல்லாம் கேக்குறாங்க. இப்பிடி ஒரு எடம் கெடச்சா கேட்ட காசு குடுப்பாங்க. இது தங்கம்தான்!"

இவருடைய சிங்களம் என் சிங்களத்தைவிட நல்ல சிங்களம் வேறு! நான் இருமினேன். திரும்ப இருமினேன். நோனா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இவர் அப்புறமும் கதவின் மரத்தைத் தட்டிப் பார்த்து, இது இப்போது கிடைக்காத மரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே வந்ததும் நானா தலையில் கைவைத்துக்கொண்டார். "மிஸ், அடுத்தமொற வாறப்ப ஒங்கட ஊட்டுக்காரரை ஊட்டுல உட்டுட்டு வாங்க." இவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நல்லதை நல்லதுன்னு சொல்லப்படாதா?" என்றார்.

நல்ல வேளை, நோனா விலையை ஏற்றவில்லை. பேங்க் வேலை முடிந்ததும் அட்வான்ஸைக் கொடுத்து நொத்தாரிசிடம் எழுதிக்கொள்ளலாம், அதுவரை வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்றார். மீதி வைகாசியும் ஆனியும் எனக்கு ஓட்டம்தான். உறுதியின் கொப்பி ஒரு இடத்தில், சோலைவரி என்கிற வீட்டு வரி ரசீது ஒரு இடத்தில், மலையில் வீடு என்பதால் மண் சரியாது என்கிற சான்றிதழ் இன்னொரு இடத்தில். ஒரு கந்தோரில் கேட்ட கடுதாசியைக் கொண்டுபோனால் அது இந்த மாதிரி இல்லை, அந்த மாதிரி வேண்டும் என்பார்கள். நானும் ஒரு கந்தோரில் உட்கார்ந்து ஆட்களை இப்படித்தானே அலைய விடுகிறேன் என்று யோசிக்கவும் நேரமில்லாமல் ஓடினேன்.

பேங்க்கில் கடன் பார்க்கிற பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கெட்டிக்காரி, முகத்துக்கு நேரே பேசுவாள். "அக்கா, நீங்கள் சொல்லுற விலைக்கு நாங்கள் தர ஏலாது. எங்கட ஆள் வந்து பாத்துப் போடுற மதிப்பிலதான் தருவம். அதிலயும் முழுசா இல்லை. மிச்சம் உங்கட கைக்காசு. நீங்கள் பென்ஷன் எடுக்க முதல் கட்டி முடிக்கோணும், அதால தவணை கூடத்தான் வரும்." அவர்கள் ஆள் வந்து பார்த்து, நோனா கேட்ட விலைக்குக் கணிசமாகக் குறைத்து மதிப்புப் போட்டுவிட்டுப் போனார். நடுவில் விழுந்த பள்ளத்தில் என் சீட்டுக்காசு போனது, வளையல் போனது, தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போனது. போகட்டும், மனுஷனுடைய கால் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனி முடிகிற வெள்ளிக்கிழமை பேங்க்கிலிருந்து கடன் சரி என்று கடிதம் வந்தது. அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே நீட்டினாள். "இந்த வட்டி ஒரு மாசத்துக்குத்தான் அக்கா. அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்து எழுதிக்கொண்டு வாங்கோ. பிந்தினால் வட்டி மாறும், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

நான் பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கே நோனாவுக்கும் சொல்லிவிட்டேன், நொத்தாரிசுக்கும் சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் போவோம் என்றேன். இவர் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்தார்.

"நாளைக்கு அட்டமி புள்ள."

"சரி, நாளன்னைக்கு நொத்தாரிச வீட்டுல போய்ப் பாப்போம்."

"நாளன்னைக்கு நவமி."

"அப்பன்னா திங்கக்கெழம."

இவர் கலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "திங்கக்கெழம ஆடி பொறக்குது" என்றார்.

எனக்கு முதலில் விளையாடுகிறாரோ என்று இருந்தது. முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. "ஆடி கழியட்டும் புள்ள. ஆவணி மொதல் முகூர்த்தத்துல குடுப்போம். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், நம்ம அட்வான்ஸ் எம்மாத்திரம்?"

"என்னாங்க நீங்க! நாம என்ன குடியா போறோம்? பால் காய்ச்சுறோமா? காசக் குடுத்து ஒரு கையெழுத்துதானே!"

"நல்ல காரியத்துக்கு மொதக் காசு கை மாறுறதுதான் தொடக்கம். கட்டுகஸ்தோட்டையில நான் கடை போட்டேனே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கல்யாணமான புதிதில் இவர் சொந்தமாக ஒரு சின்னத் துணிக்கடை போட்டார். கூட்டாளி அவசரப்படுத்தி ஆடி மாதத்தில் திறக்க வைத்தான். அடுத்த ஆடி வருவதற்குள் கடை மூடி, கூட்டாளி கொழும்புக்குப் போய், கடன் மட்டும் எங்களோடு தங்கியது. அதற்குப் பிறகுதான் இவர் இந்த முதலாளியிடம் வந்து நின்றார். கூட்டாளி கடனுக்குச் சரக்கு அள்ளிக் கொடுத்ததுதான் அந்தக் கடையைக் கவிழ்த்தது, ஆடி அல்ல என்று நான் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். இவருக்கு அது ஆடிதான். "அப்ப நான் பேச்சுக் கேக்கல. இப்ப நம்மகிட்ட இருக்கிறது இவ்வளவுதான், நகையும் இல்ல. இதுவும் போச்சுன்னா?" என்று கேட்டார்.

நான் கத்தினேன். இந்த மாதிரி வீடு ஆடிக்கு ஒண்ணு அமாவாசைக்கு ஒண்ணுதான் வரும் என்றேன். ஒங்க காலுக்கு ஆடி ஆவணி தெரியுமா என்றேன். அழுதும் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. பயந்தவனைக்கூட இழுத்துக்கொண்டு போய்விடலாம், பயத்துக்கு நியாயம் கண்டுபிடித்துவிட்டவனை எங்கே இழுப்பது?

நோனாவிடம் போய் நான்தான் சொன்னேன். எங்களுக்கு இது ஆகாத மாதம் என்றேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "இது எசல மாதம்தானே? பெரஹெர போகிற மாதம். எங்களுக்கு இதைவிட நல்ல மாதம் இல்லையே?" என்றார். ஒரே நிலா, ஒரே மழை, ஒரே ஊர். அவருக்குப் புண்ணிய மாதம், எங்களுக்குப் பீடை மாதம். "சரி மகள், ஒரு மாதம்தானே" என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். பேங்க் பிள்ளையிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "எங்கட பக்கத்திலயும் ஆடியில குடிபூர மாட்டினம் அக்கா. ஆனா காசு குடுக்கிறதுக்கு என்ன? காசுக்கும் ஆடியோ?" நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

ஆடி என்ன சும்மாவா கழிந்தது? பெரஹெர பார்க்க ஊர் உலகமெல்லாம் கண்டிக்கு வந்து இறங்கியது. கடையில் கூட்டம் நெரிந்தது. ஷட்டர் இறக்கும் நேரம் பிந்திக்கொண்டே போனது. சாப்பாட்டுக்குக்கூட நின்ற நிலையில் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு நின்றார். ஆறிக்கொண்டு வந்த புண் திரும்ப வாயைத் திறந்தது. கட்டை அவிழ்த்தால் மணம் வந்தது. நான் மூக்கைச் சுளிக்காமல் கழுவுவேன், மனதுக்குள் மட்டும் திட்டிக்கொண்டே கழுவுவேன். ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன். "ஆனியில குடுத்திருந்தா இந்நேரம் கடைக்கு நோட்டீஸ் குடுத்திருக்கலாம்." இவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இன்னும் பத்து நாளுதானே" என்றார்.

அதற்குள் பேங்க் பிள்ளை போன் எடுத்தாள். கடிதத்தின் நாள் முடிந்துவிட்டது, புதுசாக எழுதினால் வட்டி கூட, தவணையும் கூட என்றாள். இராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் பஸ் காசிலும் சாப்பாட்டிலும் கைவைத்தால் எப்படியோ தள்ளலாம் என்று வந்தது. சரி, தள்ளுவோம் என்று முடிவு செய்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இவர் "சரி விடு" என்பார், எனக்கு அதைக் கேட்கத் தெம்பு இல்லை.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்தில் நாங்கள் புறப்பட்டோம். இவர் குளித்து, விபூதி பூசி, கடையில் கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், அதற்கு மேல் காசோலை. ராகுகாலத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர வேண்டும் என்று ஆட்டோ பிடித்தோம், கஞ்சத்தனம் பார்க்காமல். ஏற்றத்தில் ஆட்டோ முனகியபோதுகூட இவர் சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஆட்டோக்காரரிடம் அந்த வீட்டின் காற்றைப் பற்றி வேறு சொல்லிக்கொண்டு வந்தார்.

கேட்டுக்கு வெளியே ஒரு வேன் நின்றது. விராந்தையில் வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேல்மாடிப் படியில் துவாய்கள் காய்ந்தன.

நோனா ஓடி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை, ஒரு கள்ளமும் இல்லாத சந்தோஷம். "வாங்க வாங்க. உங்களுக்குப் போன் எடுக்க இருந்தேன், ஆட்கள் வந்துகொண்டே இருந்ததில் நேரமே கிடைக்கவில்லை" என்றார். எங்களை உள்ளே உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். பெரஹெர நேரத்துக்கு மட்டும் மேல்மாடியை விட்டுப் பார்ப்போம் என்று மகளிடம் சொன்னாராம், மகள் போனிலேயே எதிலேயோ விளம்பரம் போட்டுவிட்டாளாம். வந்தவர்கள் சொல்லி வேறு ஆட்கள் வந்தார்களாம். ஒரு வருஷ வாடகை அந்தச் சில நாளிலேயே வந்துவிட்டதாம். இனி விற்க வேண்டாம், தங்கத்தை யாராவது விற்பார்களா, நீங்கள் அவுஸ்திரேலியாவுக்கு ரெண்டு மாதம் மட்டும் வந்து இருந்துவிட்டுப் போங்கள் அம்மா என்று மகள் சொல்லிவிட்டாளாம்.

"எல்லாம் உங்கள் மஹத்தயா சொன்ன வார்த்தை. அவர் அன்றைக்குச் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு இது தோன்றியிருக்காது" என்று இவர் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "பொஹொம பின் மஹத்தயா."

எங்களுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் என்று மனதார வாழ்த்துகிறார், அந்த அம்மாவை நான் எப்படித் திட்டுவது? வார்த்தை கொடுத்தீர்களே என்று கேட்க வாய் வந்தது. ஒரு மாதம் என்று தவணை கேட்டவர்கள் நாங்கள், ஒரு சதம்கூடக் கொடுக்காதவர்கள் நாங்கள். எந்த முகத்தோடு கேட்பது? தட்டிலிருந்த வெற்றிலையையும் பழத்தையும் இவர் நோனாவின் மேசையில் வைத்தார். "கொண்டுவந்ததத் திருப்பிக் கொண்டு போகப்படாது" என்று தமிழில் என்னிடம் சொன்னார். காசோலையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆட்டோவுக்குக் காசில்லை. இறக்கத்தில் மெதுவாக நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். நானாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "நான் செல்லினேன்தானே மிஸ்" என்று தொடங்கியவர் என்ன நினைத்தாரோ, நிறுத்திவிட்டு, "சரி, வேற பாப்போம்" என்றார். வேறு எங்கே பார்ப்பது? அடகு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்த விலைக்கு அந்த மாதிரி இன்னொரு வீடு கண்டியில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இவர் "ஆடி" என்று ஒரு தரம் தொடங்கினார், நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

பஸ் வந்தது. பகல் நேரம், பாதி சீட் காலி. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இவர் என் பக்கத்துச் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்க என்றேன். பரவாயில்ல என்றார். பஸ் வளைவில் திரும்பும்போது அந்தக் காலில் பாரம் விழுந்து இவர் பல்லைக் கடிப்பது தெரிந்தது. காற்சட்டையின் ஓரத்தில் கட்டு நனைந்திருந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்.

"உக்காருங்கன்னு சொல்றேன்ல! சீட்டெல்லாம் சும்மா கெடக்கு! யாருக்காக நிக்கிறீங்க இங்க? மொதலாளியா பாக்குறாரு?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கொண்டக்டர் மிச்சக் காசை எண்ணுவதை நிறுத்திவிட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் நான் இவரை அப்படிக் கத்தியதில்லை. இவருக்குக் கோபம் வரவில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கத்தாத புள்ள. இப்ப உக்காந்தேன்னா எந்திரிக்க மனசு வராது. நாளைக்குக் கடைக்குப் போகணும்ல."